மதர்போர்டு மயக்கம்!

ராத்திரி பதினொன்றரை மணி. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் பறக்கின்றன. டீக்கடையில் அப்போதுதான் கூட்டமே ஆரம்பிக்கிறது. கழுத்தில் ஐ.டி. கார்டு, தோளில் பேக், கண்ணில் பாதித் தூக்கம்... நம்ம நண்பரும் இறங்குகிறார்.

இந்தப் பக்கம் இருக்கிற ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எஸ்.எம்.டி. லைனில் அவருக்கு வேலை. ஷிஃப்ட் முழுக்க சர்க்யூட் போர்டுகள் அவர் கண் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். டீயை வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணா, ஒரு டவுட்டு. தம்பி கேமிங் கம்ப்யூட்டர் கேக்கறான். மொத்தம் ஒன்றரை லட்சம் சேத்து வெச்சிருக்கேன். அதுல மதர்போர்டு மட்டும் 52 ஆயிரம்னு எழுதிக் குடுத்திருக்கான். அவ்ளோ ஆவுமா?"

ஒன்றரை லட்சம் என்பது அவருக்கு இரண்டு வருஷத்து ஓவர்டைம் காசு. வேலையோ கான்ட்ராக்ட். தம்பி இன்ஜினீயரிங் செகண்ட் இயர், இ.சி.இ. 'படிச்சு முடிச்சு கேம் டிசைன் பண்ணுவேன்' என்கிறவன். சும்மா பொழுதுபோக்குக்குக் கேட்கிறான் என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

போனில் பிடித்தால் தம்பி தெளிவாகப் பேசினான். "அண்ணா, நல்ல போர்டு போட்டாதான் ஃபிரேம் ரேட் நல்லா வரும். எல்லா வீடியோவுலயும் அந்த போர்டுதான் போடறாங்க!"

இந்த ஒரு வரியில்தான் பாஸ் மொத்த மயக்கமும் இருக்கிறது. வாங்க, மேட்டருக்குள் போவோம்.

போர்டுகள் ஓடும் ரோடு

முதலில் நம்ம ஊர்ப் பெருமை கொஞ்சம். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் என்றதும் பலருக்கும் கார் கம்பெனிகள்தான் ஞாபகம் வரும். ஆனால், கம்ப்யூட்டர், செல்போன் சமாச்சாரத்திலும் இந்த ரோடு லேசுப்பட்டதில்லை. 2006-ல் நோக்கியா இங்கே செல்போன் செய்ய ஆரம்பித்தது. 2014-ல் அந்த ஆலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலை இழந்தார்கள். 2007-ல் டெல் கம்ப்யூட்டர் ஆலை வந்தது. ஃபாக்ஸ்கான் இன்று ஐபோன்களைச் செய்து குவிக்கிறது. ஃப்ளெக்ஸ் ஆலையில் ஹெச்.பி. லேப்டாப்கள் தயாராவதாக 2021-ல் அறிவிப்பு வந்தது.

இதில் ஒரு சுவாரஸ்யம் பாருங்கள். இதே ஃபாக்ஸ்கான் 2000-களின் பிற்பகுதியில் 'குவான்டம் ஃபோர்ஸ்' என்ற பெயரில் சொந்தமாகவே கேமிங் மதர்போர்டுகளை விற்றது! ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டைப் பிடித்துப் போனால் வரும் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில், 2022-ல் ஐபோன் ஆலை திறந்த பெகாட்ரான் யார் தெரியுமா? மதர்போர்டு ராஜாவான ஆசுஸ் கம்பெனி 2008-ல் தன் தயாரிப்புப் பிரிவைத் தனியாகப் பிரித்ததே, அந்தப் பிரிவுதான்! 2025-ல் அந்த ஆலையின் 60 சதவிகிதப் பங்கு டாடா எலெக்ட்ரானிக்ஸ் கைக்கு வந்துவிட்டது.

ஆக, உலகத்துக்கே போர்டு செய்த கம்பெனிகள் நம்ம வீட்டு வாசலில் இருக்கின்றன. ஆனால், கடையில் விற்கும் கேமிங் மதர்போர்டுகள் பெரும்பாலும் தைவான் கம்பெனிகளுடையவை, கப்பலேறி வருகிறவை. நம்ம நண்பரே சொல்கிறார்: "டெய்லி போர்டு பாக்கறேன்ணா. ஆனா, ஒரு போர்டுகூட காசு குடுத்து வாங்கினதில்ல."

அந்தக் காலத்துல சரிதான்...

தம்பி சொல்வது முழுக்கத் தப்பா? இல்லை. இருபது வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் ரொம்ப சரி!

அப்போதெல்லாம் பிராசஸருக்கும் ராமுக்கும் நடுவில் 'நார்த்பிரிட்ஜ்' என்று ஒரு சிப் போர்டில் உட்கார்ந்திருக்கும். ராமோடு பேசுவது, கிராபிக்ஸ் கார்டோடு பேசுவது எல்லாமே அதன் வழியாகத்தான். போர்டு மாறினால் அந்தச் சிப் மாறும், வேகமும் மாறும். போதாக்குறைக்கு இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் எஸ்.எல்.ஐ. என்கிற வசதி 2004-ல் வந்தது. அதற்கென்றே ஸ்பெஷல் போர்டு வேண்டும். விலை கூடினால் அதற்கொரு காரணம் இருந்தது.

அப்புறம் என்ன ஆச்சு? ராமைக் கட்டி மேய்க்கும் வேலையை ஏ.எம்.டி. 2003-லேயே பிராசஸருக்கு உள்ளே கொண்டுபோய்விட்டது. இன்டெல் 2008-ல் அதையே செய்தது. அடுத்து கிராபிக்ஸ் கார்டுக்கான பாதையும் பிராசஸருக்குள் போனது. புதுக் கேம்களுக்கு எஸ்.எல்.ஐ. புரொஃபைல் சேர்ப்பதை என்விடியா 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது.

அதனால், இன்றைக்கு அதே பிராசஸர், அதே கிராபிக்ஸ் கார்டு, அதே ராமை 15 ஆயிரம் ரூபாய் போர்டில் போட்டாலும் சரி, லட்ச ரூபாய் போர்டில் போட்டாலும் சரி... கேமில் வரும் ஃபிரேம் ரேட் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றிரண்டு ஃபிரேம்.

போனில் தம்பி கொஞ்ச நேரம் சைலன்ட். பிறகு கேட்டான்: "அப்ப எதுக்குண்ணா அவ்ளோ விலை வெக்கறாங்க?"

நல்ல கேள்வி!

விலை எங்கே போகுது?

மூன்று விஷயங்களில் போகிறது.

முதலாவது, கரன்ட். பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வருவது 12 வோல்ட். பிராசஸருக்குத் தேவையோ சுமார் 1.2 வோல்ட். 120 வாட் இழுக்கும் பிராசஸர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்... 100 ஆம்பியர்! வீட்டில் ஏ.சி. இழுப்பதே பத்து ஆம்பியருக்குள்தான். இந்த வோல்டேஜ் மாற்றத்தைச் செய்வதுதான் பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் வி.ஆர்.எம். ஒரே ஆள் நூறு மூட்டை தூக்கினால் இடுப்பு உடையும். பத்துப் பேர் பிரித்துத் தூக்கினால் வியர்வைகூட வராது. 'ஃபேஸ்' என்று விளம்பரத்தில் எண்ணிக்கை போடுவது இந்த ஆட்களைத்தான். விலை கூடக் கூட ஆட்கள் கூடுவார்கள்.

ஆனால், உங்கள் மூட்டை எத்தனை? கேமர்கள் கொண்டாடும் ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸர், கேம் ஓடும்போது 100 வாட்டுக்கும் கீழேதான் பெரும்பாலும் இழுக்கிறது. அதற்கு இருபது ஆட்கள் எதற்கு? 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ் மாதிரி 230 வாட் வரை இழுக்கும் பிராசஸரில் மணிக்கணக்காக வீடியோ ரெண்டர் செய்கிறவருக்குத்தான் அந்தப் பட்டாளம் தேவை.

இரண்டாவது, அடுக்குகள். இங்கே நண்பரே பாடம் எடுத்தார். "மேல பாத்தா ஒரே பலகைதான்ணா. உள்ள நாலு லேயர், ஆறு லேயர், எட்டு லேயர்னு செம்பு ஓடும். லேயர் கூடினா சிக்னலும் சுத்தமா போவும், சூடும் பரவும். விலையும் ஏறும்." ராம் ரொம்ப வேகமாக ஓட வேண்டும் என்றால் ஆறு அல்லது எட்டு அடுக்கு நல்லது. அதற்கு மேல் போவது ரெக்கார்டு உடைக்கிற ஓவர்கிளாக்கிங் பார்ட்டிகளுக்கு.

மூன்றாவது, வாசல்கள். யு.எஸ்.பி.4, 10 ஜிகாபிட் லேன், ஐந்தாறு எம்.2 எஸ்.எஸ்.டி. ஸ்லாட்... இப்படி. இதில் ஒரு ரகசியம் சொல்லவா? ஏ.எம்.டி.யின் உச்சகட்ட எக்ஸ்870ஈ சிப்செட் என்பது, பி650, பி850 போர்டுகளில் ஒற்றையாக இருக்கும் அதே குடும்பத்துச் சிப்பை இரட்டையாகப் போட்டதுதான். அதிக சாதனங்கள் சொருகலாம்; ஆனால், கேம் வேகம் அதனால் இரட்டிக்காது. இன்னொரு கூத்தும் உண்டு. சில விலை உயர்ந்த போர்டுகளில் இரண்டாவது ஜென்5 எம்.2 ஸ்லாட்டில் எஸ்.எஸ்.டி.யைச் சொருகினால், கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் 16 பாதைகள் எட்டாகக் குறைந்துவிடும்! மேனுவலைப் படிக்காமல் சொருகினால் காசு கொடுத்துப் பாதையை அடைத்த கதைதான்.

இந்த மூன்றும் போக மிச்சமிருப்பது கலர் லைட், குட்டி ஸ்க்ரீன், கவசம் மாதிரி உலோகத் தகடு. பார்க்க ஜோர்தான். கண்ணாடி வைத்த கேபினெட்டில் ஊரே வந்து பார்க்கும். ஆனால், அதற்கும் சேர்த்துத்தான் அண்ணன் ஓவர்டைம் பார்த்திருக்கிறார்.

சாக்கெட் ஜாதகம்

சரி, சிக்கனம் என்று சொல்லி மட்டமான போர்டு வாங்கிவிடலாமா? கூடாது! கவனிக்க வேண்டிய இடங்கள் வேறே.

முதல் பொருத்தம் சாக்கெட். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் 2016-ல் வந்தது. 2017-ல் போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸை மட்டும் அப்டேட் செய்துவிட்டு 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யைப் பொருத்திக்கொண்டார்கள். போர்டு அதேதான், கம்ப்யூட்டர் மட்டும் புதுசு! அடுத்து வந்த ஏ.எம்.5 சாக்கெட் 2022 செப்டம்பரில் அறிமுகமானது. குறைந்தது 2027 வரை இதற்குப் புது பிராசஸர்கள் வரும் என்று ஏ.எம்.டி. சொல்லியிருக்கிறது. இன்டெல் பக்கம் 2021-ல் வந்த எல்.ஜி.ஏ.1700 மூன்று தலைமுறையோடு முடிந்தது. 2024 அக்டோபரில் எல்.ஜி.ஏ.1851 வந்தது, பழைய போர்டு புதுசுக்கு ஒத்துவராது. நாலு வருஷம் கழித்து பிராசஸர் மட்டும் மாற்ற நினைப்பவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

இரண்டாவது பொருத்தம், பயாஸ் ஃபிளாஷ்பேக். பிராசஸர், ராம் எதுவுமே இல்லாமல் பென் டிரைவைச் சொருகி, பட்டனை அழுத்தி பயாஸைப் புதுப்பிக்கிற வசதி. கடையில் ஒரு வருஷமாகத் தூங்கிய போர்டுக்குப் புது பிராசஸரை அடையாளம் தெரியாமல் போகலாம். அன்றைக்கு இந்த ஒரு பட்டன் குலதெய்வம்!

பயாஸ் என்ன அவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 2023 ஏப்ரலில், ராம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ வசதியை ஆன் செய்தபோது சில போர்டுகள் அளவுக்கு மீறி வோல்டேஜ் கொடுத்து, புத்தம் புது 7800எக்ஸ்3டி பிராசஸர்கள் கருகின. எஸ்.ஓ.சி. வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டக் கூடாது என்று புது பயாஸ் மூலம் கடிவாளம் போடப்பட்டது. 2024-ல் இன்டெல்லின் 13, 14-வது தலைமுறை பிராசஸர்கள் திடீர் திடீரென்று தடுமாறின. வோல்டேஜ் கோளாறுதான் என்று கண்டுபிடித்து ஆகஸ்ட்டில் திருத்தம் கொடுத்தது இன்டெல். வாரன்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. அந்தத் திருத்தமும் போர்டின் பயாஸ் வழியாகத்தான் வந்தது. விலை அதிகம் என்பதற்காக இந்தச் சிக்கல்கள் எந்த போர்டையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே, பயாஸ் அப்டேட்டை ஒழுங்காக வெளியிடும் கம்பெனியா என்று அதன் சப்போர்ட் பக்கத்தில் தேதிகளைப் பாருங்கள். அந்தத் தேதிகளை லைட்டால் மறைக்க முடியாது!

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ஏ.ஓ.ஐ. கண்

நண்பருக்கு வீக்லி ஆஃப் வந்த அன்றைக்கு மூன்று பேரும் பஸ் பிடித்து மவுன்ட் ரோடு வந்து, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்தோம். தம்பியின் கண் முதலில் அந்த 52 ஆயிரத்தைத்தான் தேடியது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. போர்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

அவர் லைனில் ஏ.ஓ.ஐ. என்று ஒரு மெஷின் உண்டு. ஈயமில்லாத சால்டர் பேஸ்ட் பூசி, மெஷின் பாகங்களை வைத்து, 240 டிகிரிக்கு மேல் சூடேறும் ரீஃப்ளோ அடுப்பில் வெந்து வெளியே வரும் போர்டை, கேமரா வைத்துக் குற்றம் கண்டுபிடிக்கும் மெஷின் அது. அது சந்தேகப்பட்டதை மனுஷக் கண்ணால் சரிபார்ப்பவர்தான் நம்ம ஆள்.

"தம்பி, இங்க பாரு. இந்த ஹீட்சிங்க் நல்ல அலுமினியம், கனமா இருக்கு. அது வெறும் பிளாஸ்டிக் மூடி, அடியில ஒண்ணும் இல்ல. இதுல எம்.2-க்குக் கீழ தெர்மல் பேடு இருக்கு. அதுல இல்ல."

அவர் கற்றுக்கொடுத்த முக்கியப் பாடம் சாக்கெட் சோதனை. ஏ.எம்.5 சாக்கெட்டில் 1,718 குட்டிக் குட்டி பின்கள் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் தலைவலி. 'நீங்கதான் வளைச்சீங்க' என்று வாரன்டி மறுக்க அது ஒரு காரணமாகிவிடும். அதனால், பணம் கட்டின கையோடு கடையிலேயே பெட்டியைத் திறந்து, மூடியை எடுத்து, செல்போன் டார்ச் அடித்து எல்லாப் பக்கமும் வீடியோ எடுத்துவிடுங்கள். பின்கள் ஒரே சாய்வில் ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் நிழல் தட்டினால், 'வேற பீஸ் குடுங்கண்ணா!'

இன்னொன்று, பில். இது என் சொந்தக் கதை, சோகக் கதை. ரொம்ப வருஷம் முன்னால் ஒரு கடையில் 'பில் வேணாம்னா வரி மிச்சம் தம்பி' என்றார்கள். நானும் பல்லைக் காட்டினேன். ஏழாவது மாதம் போர்டு செத்தது. சர்வீஸ் சென்டரில் பில் கேட்டார்கள். கடையில் போய்க் கேட்டால் என்னைப் பார்த்த ஞாபகமே இல்லை! மதர்போர்டுக்கு பொதுவாக மூன்று வருஷம் வாரன்டி உண்டு. 18 சதவிகித ஜி.எஸ்.டி. போட்டு, சீரியல் நம்பர் எழுதின பில்தான் அந்த மூன்று வருஷத்துக்கு உங்கள் கையில் இருக்கும் சாவி.

கணக்கு டேலி ஆச்சா?

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தம்பியின் லிஸ்ட்டை மறுபடி எழுதினோம். (விலைகள் வாராவாரம் மாறும் பாஸ், இது ஒரு மாதிரிக் கணக்குதான்.)

பழைய லிஸ்ட்: பிராசஸர் 35 ஆயிரம், போர்டு 52 ஆயிரம். மிச்சம் இருக்கிற 63 ஆயிரத்துக்குள் ராம், எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, கேபினெட், கூலர் எல்லாம் போக, கிராபிக்ஸ் கார்டுக்கு நின்றது வெறும் 20 ஆயிரம். அதுவும், 2025 கடைசியில் ராம் விலை ஏறு ஏறென்று ஏறிய பிறகு அந்த 20 ஆயிரமே சந்தேகம். கேமை ஓட்டப்போவது கிராபிக்ஸ் கார்டு. அதற்குத்தான் போர்டைவிடக் கம்மிப் பங்கு!

புது லிஸ்ட்: 17 ஆயிரத்தில் ஒரு பி850 போர்டு. ஏ.டி.எக்ஸ். சைஸ், மூன்று எம்.2 ஸ்லாட், ஃபிளாஷ்பேக் பட்டன், கோளாறு காட்டும் குட்டி விளக்குகள். மிச்சமான 35 ஆயிரத்தில் 27 ஆயிரம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போய் அது 47 ஆயிரமானது. 8 ஆயிரத்துக்கு நல்ல யு.பி.எஸ். அடிக்கடி வோல்டேஜ் ஏறி இறங்கும் வாடகை ரூமில், லட்ச ரூபாய் போர்டைவிட அந்த யு.பி.எஸ்.தான் கம்ப்யூட்டரைக் காப்பாற்றும்.

தம்பி கால்குலேட்டரை இரண்டு தரம் தட்டிப் பார்த்தான். "அப்ப அந்த போர்டு யாருக்குத்தாண்ணா?" என்றான். சொன்னேன். 16 கோர் பிராசஸரில் நாள் பூரா ரெண்டர் ஓட்டுகிறவர், ஐந்தாறு எஸ்.எஸ்.டி. வைத்திருக்கிற வீடியோ எடிட்டர், ஓவர்கிளாக்கிங்கையே விளையாட்டாக விளையாடுகிறவர். நீ சம்பாதிக்க ஆரம்பித்ததும், ஆசைக்காக வாங்கினாலும் தப்பில்லை. ஆனால், ஃபிரேம் ரேட்டுக்காக என்று சொல்லி வாங்காதே.

ஐந்து நிமிட இருட்டு

அன்றைக்கு ராத்திரியே ரூமில் கம்ப்யூட்டர் கட்டியாயிற்று. அண்ணன் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, கேபினெட் இரும்பை ஒரு தரம் தொட்டு உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக்கை இறக்கிவிட்டுத்தான் போர்டையே எடுத்தார். லைனில் ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டின பழக்கம், வீட்டிலும் விடவில்லை. தம்பி பிராசஸரை வைத்தான், ராமைச் சொருகினான், பட்டனை அழுத்தினான்.

ஃபேன்கள் சுற்றின. ஸ்க்ரீன் இருட்டு.

ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... போர்டில் 'டி-ரேம்' என்று எழுதின இடத்தில் குட்டி விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தம்பி முகம் வெளிறிவிட்டது. "அண்ணா, போச்சா? ஆஃப் பண்ணட்டுமா?" கை சுவிட்ச் பக்கம் போனது.

"தொடாதடா!" என்றார் அண்ணன். ஏ.எம்.5 போர்டுகள் முதல் முறை ஆன் ஆகும்போது டி.டி.ஆர்.5 ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும் என்று ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே பேசியிருந்தோம். தெரியாமல் பாதியில் ஆஃப் செய்து, 'போர்டு டெட்' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நிறைய. நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டத்தட்ட ஐந்தாவது நிமிடம் ஸ்க்ரீன் பளிச்சென்று வந்தது. பயாஸ் பக்கம். பிராசஸர் பெயர், ராம் அளவு, எல்லாம் கரெக்ட். தம்பி போட்ட விசிலில் பக்கத்து ரூம்காரர் கதவைத் தட்டினார்.

அண்ணன் மட்டும் ஸ்க்ரீனைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளே போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எந்த ஊர்லயோ என்னை மாதிரி ஒருத்தன் செக் பண்ணி அனுப்பிச்சிருப்பான்ல?" என்றார்.

பிறகு மணியைப் பார்த்தார். காலையில் ஐந்தே காலுக்கு அவருக்கு பஸ்.